மிதி இன்னும் மெத்தென்றுதான் இருக்கிறது

வெள்ளிமலை,
மார்கழி 14.

அன்பும் மதிப்பும் நிறைந்த மாப்பிள்ளை தமிழரசன் அவர்களுக்கு, கச்சிராயபாளையம் மாமனார் செல்லமுத்து எழுதிக்கொண்டது. நானும் உங்கள் அத்தையும் நலம். நீங்களும் ராதிகாவும் ஓசூரில் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறோம். உங்கள் கார் மட்டும் கொஞ்சம் நலமில்லை. இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் நடுவில் ஏதாவது கேட்பீர்கள், எனக்குப் பதில் வராது. கடிதம் என்றால் முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேச முடியாது.

புது வீட்டில் நிறுத்த இடமில்லை என்று ஐப்பசியில் காரை என்னிடம் விட்டுப் போனீர்கள். மாப்பிள்ளை காரை மழையில் நனையவிட எனக்கு மனம் வரவில்லை. வாசல் முருங்கையை டிராக்டரில் கயிறு கட்டி வேரோடு இழுத்துவிட்டு, அந்த இடத்தில் தகர ஷெட் போட்டேன். மரம் உங்கள் அத்தை வைத்தது. அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தான். முப்பத்திரண்டு வருஷமாக எதையும் கேட்டதில்லை, அந்தப் பழக்கம். சந்தையிலிருந்து வந்தவள் ஷெட்டைப் பார்த்தாள், உள்ளே போய்ச் சோறு வடித்தாள். மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறி, வெள்ளிமலையில் வாத்தியாராக இருக்கும் தம்பி வெங்கடேசன் வீட்டுக்குப் போய்விட்டாள். உங்கள் மேல் குற்றம் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கார் உங்களுடையது என்று மட்டும்தான் சொல்கிறேன்.

இரண்டு வாரம் பொறுத்தேன். அவள் இல்லாத வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை மாப்பிள்ளை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். காரிலேயே போய் மரியாதையாகக் கூட்டி வந்துவிடலாம் என்று பார்த்தால், ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று சத்தம், கிளட்ச் மிதியில் உயிரே இல்லை. பானட்டைத் திறந்தேன். கிளட்ச் டப்பாவில் எண்ணெய் அடியில் கிடந்தது. மூடியில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது, நாற்பது வருஷம் டிராக்டர் ஓட்டியவனுக்கு அதெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டேன். டிராக்டரில் கலப்பையைத் தூக்குவதற்கு ஊற்றுகிற ஆயில் அரை டின் இருந்தது. கலப்பையையே தூக்குகிற எண்ணெய் ஒரு மிதியைத் தூக்காதா என்று கழுத்துவரை ஊற்றினேன். நாலு நாள் ஊருக்குள் ஓட்டினேன், நன்றாகத்தான் ஓடியது. ஐந்தாம் நாள் மலை ஏறினேன்.

பாதி மலையில், ஒரு வளைவில் மிதி கீழே போனது, மேலே வரவில்லை. கால் விரலால் கொக்கி போட்டுத் தூக்கினாலும் திரும்பப் படுத்துக்கொண்டது. சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்தேன். கீழே கோமுகி அணைத் தண்ணீர் கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு மேகம் வந்து அதை மூடியது. அப்புறம் மேகம் காருக்குள்ளேயே வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டது. அவளிடம் சொல்ல நாலு வார்த்தை பாடம் பண்ணி வைத்திருந்தேன். அதில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. எத்தனை நேரம் போனது என்று தெரியாது. ஜீப் மெக்கானிக் வெற்றிசெல்வன் வந்து கண்ணாடியைத் தட்டிய பிறகுதான் மலையில் இருக்கிறேன் என்பதே தெரிந்தது. கயிறு கட்டி வெள்ளிமலைக்கு இழுத்துப் போனான்.

டப்பாவில் விரல் விட்டு முகர்ந்து பார்த்தான்.

"இன்னாங்க ஊத்தனீங்க இதுல?"

"டிராக்டர் ஆயில்."

"கிளட்சுக்கும் பிரேக் ஆயில்தாங்க ஊத்தணும். ரப்பர் எல்லாம் ஊறிப்பூட்டிருக்கும். இந்த வண்டிக்கு பிரேக் டப்பா தனியா இருக்கவே பொழச்சீங்க."

மிதிக்குப் பக்கத்தில் ஒரு பம்ப், கியர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பம்ப், இரண்டையும் பிரித்தான். உள்ளே இருந்த ரப்பர் வளையங்கள் ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தன. குழாயைக் கழுவினான். மறுநாள் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் புது ரப்பர் வந்தது, மாட்டினான். இனி உள்ளே மாட்டிய காற்றை எடுக்க வேண்டும், அது இருக்கும்வரை மிதி மெத்தென்றுதான் அமுங்கும். ஒருவர் மேலே மிதியை அழுத்திப் பிடிக்க, ஒருவர் கீழே படுத்து நட்டைத் திறந்து காற்றை விட வேண்டும். நட்டை மூடுவதற்குள் மேலே காலை எடுத்தால் போன காற்று திரும்ப வந்துவிடும்.

"எனக்கு ஜீப் வேலை கெடக்குது. நீங்க கீழ படுங்க, அம்மா மேல குந்தட்டும்" என்றான்.

நான் வந்ததிலிருந்து உங்கள் அத்தை என்னோடு பேசவில்லை. "சோறு வேணுமான்னு கேளுடா" என்று தம்பியிடம்தான் சொல்வாள். ஆனாலும் வந்து உட்கார்ந்தாள். அழுத்து என்றேன். சத்தமில்லை. கீழே இருப்பவனுக்கு அழுத்தினாளா இல்லையா என்று எப்படித் தெரியும்?

"கொளஞ்சி, நீ சொன்னாதான் நான் தெறக்க முடியும்."

"அழுத்திக்கினுதான் இருக்கேன்" என்றாள்.

கண் ஏன் கலங்கியிருக்கிறது என்று கேட்ட வெற்றிசெல்வனிடம், பிரேக் ஆயில் பட்டுவிட்டது என்று சொன்னேன். உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன், ஆயில் படவில்லை.

அதிலிருந்து ஒன்பது நாளாக, மாலை நாலு மணிக்கு இதே வேலை. முடிந்ததும் அவள், "இன்னும் மெத்துனுதான் இருக்குது" என்பாள். "பொடிக் காத்துங்க, கண்ணுக்குத் தெரியாது, லேசுல போவாது. அம்மா கால் மட்டும்தான் படணும், கால் மாறக் கூடாது" என்பான் வெற்றிசெல்வன். நானும் மிதியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் அழுத்திக்கொண்டே கேட்டாள்.

"மரத்தப் புடுங்கறப்ப என்னைக் கேக்கணும்னு தோணலியா?"

"தோணல."

"இப்ப?"

"இப்ப உன்னைக் கேக்காம ஒரு நட்டுகூட தெறக்க முடியலியே."

மேலே சிரிக்கிற சத்தம் கேட்டது. இப்போது வேலை முடிந்ததும் சாமைக் கொல்லைப் பக்கம் இரண்டு பேரும் நடந்துவிட்டு வருகிறோம். காலையில் கண் விழித்தால் ஜன்னலில் வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. என்ன கிழமை என்று தெரிவதில்லை. கரும்பு வெட்டுக்கு ஆலையிலிருந்து உத்தரவு வந்ததா என்றுகூட நினைக்கவில்லை. இதெல்லாம் நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. வீட்டுக்கு வருகிறாயா என்று மட்டும் இன்னும் கேட்கவில்லை, பயமாக இருக்கிறது. கார் சரியானதும் கேட்கலாம் என்றிருக்கிறேன். ஆகவே வரும் ஞாயிறு காரை எடுக்க வர வேண்டாம். காற்று போகட்டும்.

ராதிகாவுக்கு என் ஆசிகள். உங்கள் அப்பா அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். நீங்கள் இருவரும் எல்லாம் பெற்று நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
பொறுப்புள்ள மாமனார்,
செல்லமுத்து

பி.கு.: மாப்பிள்ளைக்கு அத்தை கொளஞ்சியம்மாள் எழுதுவது. ஒட்டித் தபாலில் போடச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார், படித்துவிட்டேன். காற்று முதல் நாளே போய்விட்டது. மிதி அன்றிலிருந்து நல்ல கெட்டியாகத்தான் இருக்கிறது. வெற்றிசெல்வனிடம் சொல்லிவைத்தது நான்தான். ஒரு நாளைக்கு நாற்பது தடவை என்னைக் கேட்டுக் கேட்டு ஒரு வேலை செய்கிறார், அதைக் கேட்க எனக்கு ஆசையாக இருக்கிறது. அவரிடம் நீங்கள் ஒன்றும் சொல்லிவிட வேண்டாம். வீட்டுக்கு வருகிறாயா என்று அவர் கேட்கிற அன்றைக்குக் கார் சரியாகிவிடும்.