தையல்நாயகி வாங்கிய ஏறுரிமம்

ஒரு காட்டில் தையல்நாயகி என்று ஒரு பல்லி இருந்தது. புளியமரப் பட்டை, பாறை, கண்ணாடி ஜன்னல், எதைக் கொடுத்தாலும் விறுவிறுவென்று ஏறிவிடும். சிங்கராஜாவின் அலுவலகத்தில், உச்சி விளக்கடியில்தான் அதற்குச் சாப்பாடும் தூக்கமும். கீழே இறங்குவதே இல்லை. தரையில் பூனை நடமாட்டம்.

ஒருநாள் அறிவிப்பு ஒட்டினார்கள்: "உரிமம் இல்லாமல் சுவர் ஏறுவோர் தரையில் விடப்படுவர்."

தையல்நாயகி பதறிப்போய் வரிசையில் நின்றது. மூன்றாம் நாள் அதிகாரி உடும்பு அம்பலவாணர் அதன் படிவத்தைப் பார்த்தார்.

"பசையின் பெயர்ங்கிற கட்டம் காலியா இருக்கே?"

"பசையே கிடையாதுங்க ஐயா. விரலுக்கு அடியில கண்ணுக்கே தெரியாத முடி லட்சக்கணக்குல இருக்கு. அதை அழுத்தி வச்சாப் போதும், பிடிச்சுக்கும்."

"பசை இல்லாம ஒட்டுறதுக்கு விதியில இடமில்லையேம்மா."

தையல்நாயகி கண்ணாடி ஜன்னலில் ஏறி, கூரையில் தலைகீழாக நடந்து காட்டியது. அம்பலவாணர் அசரவில்லை. மேசைக்கு அடியிலிருந்து நான்ஸ்டிக் தோசைக்கல் ஒன்றை எடுத்து நிமிர்த்தி வைத்தார். பாவம், அதில் மட்டும் நாலு காலும் வழுக்கியது.

"பாத்தியா? பசை இருந்தா நின்னிருப்பே."

பின்னால் நின்ற அணில் காதில் ஓதியது. "அக்கா, வேப்பம்பிசின்னு எழுதுங்க. காலிலயும் கொஞ்சம் தடவிட்டு வாங்க."

தையல்நாயகிக்கு மனசே வரவில்லை. வாசலைப் பார்த்தது. பூனை வாலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மனசு வந்துவிட்டது.

பிசின் பூசிய காலை அம்பலவாணர் தொட்டுப் பார்த்தார். விரல் ஒட்டிக்கொண்டது. "அடடா, இதுதான் முறை!" என்று மகிழ்ந்து, விரலைப் பிடுங்கி, முத்திரை குத்தினார்.

உரிமத்தோடு தையல்நாயகி சுவரில் கால் வைத்தது. பிசின் காய்ந்து முடியெல்லாம் மொத்தையாகியிருந்தது. ஒரு சாண் ஏறி, தொப்பென்று பூனை முன்னால் விழுந்தது.

"கிட்ட வராதே! நான் உரிமம் வாங்கினவ!" என்று காகிதத்தை நீட்டியது.

பூனை எழுத்துக்கூட்டிப் படித்தது. முத்திரையைத் தடவிப் பார்த்தது. கைகட்டி நின்றது.

"மன்னிச்சுக்குங்கம்மா. என் பிள்ளைங்களுக்கும் மரம் ஏறச் சொல்லித் தருவீங்களா?"

மறுநாளே சுவரடியில் ஏறுபயிற்சிப் பள்ளி தொடங்கியது. மாணவர்கள் ஆளுக்குப் பத்துக் கொசு கொண்டுவந்தார்கள். சில வாரத்தில் தோல் உரிந்து, பல்லியின் கால்கள் பழையபடி ஆயின. ஆனாலும் அது ஏறவில்லை. வகுப்புக்கே நேரம் போதவில்லையாம்.

நீதி: ஏறத் தெரிந்தவர் ஏறிக்கொண்டே இருப்பார், உரிமம் பெற்றவர் உட்கார்ந்து வகுப்பெடுப்பார்.