கரடியின் தொப்பை

ஏரியை மூன்று சுற்று, அதுவும் கரடி வேஷத்தில் ஓடிக் காட்டுவதாகச் சோபாக்காரர் சபதம் போட்டபோது அவர் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தார். தொழில் அப்படி. மரச்சாமான் கடையில் விற்பனையாளர். வாங்க வருகிறவர்கள் முன்னால் சோபாவில் சாய்ந்து, கண்ணை மூடி, "உக்காந்து பாருங்க, எழுந்திருக்க மனசே வராது" என்பார். அவருக்கு நிஜமாகவே வராது. இந்த ஊரில் அவரைவிட உழைத்து உட்கார்ந்தவர் கிடையாது.

எல்லாம் அவர் மனைவி நடத்தும் இளைஞர் நாடகக் குழுவால் வந்தது. ஏரிக்கரையில் இருந்த ஒத்திகைக் கூடத்தின் கூரை ஒழுகியது. மழைக்கு முன்னால் சரிசெய்யாவிட்டால் கூடத்தை மூடிவிடுவார்கள், நாடகமும் நின்றுபோகும். போன நாடகத்தில் மரமாக நின்ற அவர்கள் மகளுக்கு இந்த முறைதான் வசனம் கிடைத்திருந்தது. குளியலறையில்கூட அதையே சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். யாராவது ஏரியைச் சுற்றி ஓடினால், சுற்றுக்கு இவ்வளவு என்று ஊரில் பணம் திரட்டலாம் என்பது மனைவியின் யோசனை.

"எங்கண்ணன் ஓடறேன்னு சொல்லிட்டாரு," என்றாள்.

"உங்கண்ணனா? அவரு ஓடறதப் பாத்தா, பாவம்னு பஸ்ஸுக்குத்தான் காசு குடுப்பாங்க."

"அப்ப நீங்க ஓடறீங்களா?"

"ஏன், நான் ஓட மாட்டேனா?"

"கல்யாணத்துக்கு அப்புறம் நான் பாத்ததில்ல."

"ஓடறேன். சும்மா இல்ல, உன் நாடகத்துல வர்ற கரடி வேஷத்தப் போட்டுக்கிட்டே ஓடறேன். போதுமா?"

மகள் பாய்ந்து வந்து கட்டிக்கொண்டாள். "எங்கப்பாதான் ஹீரோ!" அவர் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார். பாதி பாசம், பாதி பயம்.

மனைவி தையல் பெட்டியைத் திறந்தாள். குழுவின் உடைகளெல்லாம் அவள் தையல். டேப்பை எடுத்து அவர் வயிற்றைச் சுற்றினாள்.

"மூச்ச உள்ள இழுக்காதீங்க. அளவு தப்பாயிடும்."

"இழுக்கலையே."

"அப்ப விடுங்க."

விட்டார். டேப் போதவில்லை.

மறுநாள் காலை, பயிற்சியாக இருக்கட்டுமே என்று தெருமுனை வரை ஓடினார். திரும்பும்போது ஆட்டோவில் வந்தார். ஆட்டோவில்தான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. கரடிக்குள் இருப்பது யார் என்று வெளியே யாருக்குத் தெரியப்போகிறது?

கடையில் சாமான் தூக்குகிறவனை எல்லாரும் பீரோ என்றுதான் கூப்பிடுவார்கள். இரும்பு பீரோவைத் தனியாளாக மாடிக்கு ஏற்றுவான். சோபாக்காரர் உயரம்தான் இருப்பான். அகலத்தில் பாதி.

"ஏரிய மூணு சுத்து ஓடணும்டா. உள்ள இருக்கறது நான்தான்னு எல்லாரும் நினைக்கணும். ஓடி முடிச்சதும் தண்ணி குடிக்கற மாதிரி ரூமுக்குள்ள வந்து வேஷத்த எங்கிட்ட குடுத்துடு."

"தோள்ல என்ன சார் சுமை?"

"சுமையெல்லாம் இல்ல. சும்மா ஓடணும்."

"வெறுங்கையோடவா? அதுல என்ன சார் கஷ்டம்?"

அந்தக் கேள்வி சோபாக்காரரைக் கொஞ்சம் புண்படுத்தியது.

ஓட்ட நாளன்று உடை மாற்றும் அறைக்குள் இரண்டு பேர் போனார்கள். ஒரு கரடி வெளியே வந்தது. சோபாக்காரர் கதவிடுக்கில் கண்ணை வைத்தார். மனைவி கரடியை மேலும் கீழும் பார்த்தாள். வயிற்றுப் பக்கம் துணி தொளதொளவென்று தொங்கியது. அதைக் கையில் சுருட்டிப் பிடித்தாள். விட்டாள். பிறகு கரடியின் காதில் ஏதோ சொன்னாள். கரடி தலையாட்டியது. மகள் கொடியை அசைத்ததும் பாய்ந்து ஓடியது.

'என்னன்னாலும் புருஷனாச்சே, பத்திரமா ஓடச் சொல்லியிருப்பா' என்று அவர் மனம் இளகியது.

கடையிலிருந்து விழாவுக்காக இரண்டு சோபாக்களை அவரே இரவல் வாங்கி வந்திருந்தார். ஒன்று மேடையில், விருந்தினருக்கு. இன்னொன்று இந்த அறையில், காரணத்தோடு. சாய்ந்தார். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார். வெளியே ஊரே அவருக்காகக் கைதட்ட, அவர் குறட்டை விட்டார்.

"சார், முடிஞ்சிடுச்சு."

"அதுக்குள்ளயா!"

அவசரமாக ஒரு பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டு வேஷத்துக்குள் புகுந்தார். மேடை ஏறிக் கரடித் தலையைக் கழற்றினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. "எங்கப்பா! எங்கப்பா!" என்று மகள் குதித்தாள். அவர் வாரிய தலை வாரியபடி இருந்தது. மீசையில் மட்டும் லேசாகத் தூள்.

மனைவி மைக்கைப் பிடித்தாள்.

"எல்லாரும் நல்லா பாத்துக்குங்க. மூணு சுத்து ஓடிட்டு வந்திருக்காரு. ஒரு சொட்டு வேர்வை இருக்கா? மூச்சு வாங்குதா?"

"இல்ல!" என்றது ஊர்.

"கூரைக்குப் பாதிப் பணம்தான் சேர்ந்திருக்கு. அதனால இன்னும் மூணு சுத்து ஓடறேங்கறாரு!"

அவர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. வாயில் பிஸ்கட் இருந்தது.

கரடித் தலையை மாட்டிவிடுகிற சாக்கில் மனைவி நெருங்கினாள். பிஸ்கட்டை விழுங்கிவிட்டுக் கிசுகிசுத்தார்.

"எனக்குக் கால் வலிக்குதும்மா."

"மூணு சுத்தும் ரெஸ்ட்ல இருந்த காலுதானே?"

அவர் முகம் வெளிறியது. "எப்படித் தெரியும்?"

"உங்க அளவுக்கு நான் தைச்ச வேஷம். மொதல்ல கிளம்பறப்ப தொப்பை காத்தாடுச்சு. இப்பத்தான் நிறைஞ்சிருக்கு." தட்டியும் காட்டினாள்.

"அப்ப அவன் காதுல என்ன சொன்ன?"

"வேகமா ஓடிட்டு வா தம்பி, கூட்டம் கலையறதுக்குள்ள அவரு ஓடணும்னேன்."

"பொண்ணு பாக்கறாளே..."

"அதனாலதான் மைக்ல சொல்லல. கிளம்புங்க."

மகள் மறுபடியும் கொடியை அசைத்தாள். வேறு வழியில்லை. கரடி ஓடியது. தொப்பை முன்னால் ஓட, கரடி பின்னால் ஓடியது. முதல் சுற்றிலேயே நாக்கு தள்ளிவிட்டது. ஒருவழியாக மேடைப் பக்கம் வந்தபோது நிமிர்ந்து பார்த்தார். விருந்தினர் சோபாவில் பீரோ சாய்ந்திருந்தான். மனைவி அவனுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

பீரோ கண்ணை மூடிக்கொண்டே சொன்னான்: "நீங்க சொல்றது நெசந்தான் சார். எழுந்திருக்க மனசே வரல."