நாலாம் வகுப்பு செய்த ஸ்டூல்

ஸ்டூல் ஆடியது. யூனிஸ் டீச்சர் ஒரு விரலால்தான் தொட்டாள். அதற்கே டக் டக்கென்று இரண்டு தரம் தாளம் போட்டது. பிரேசர் டவுனில், வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் ஒன்றில் நடந்துவந்த அந்த ஆரம்பப் பள்ளியின் கைவேலை அறையில், நாலாம் வகுப்பு மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

எல்லாம் தாளாளர் நோயல் சாரால் வந்த வினை. போன கோடையில் மகளைப் பார்க்க லண்டன் போனவர், அங்கே வாண்டுகள் ரம்பம் பிடித்து மரம் அறுப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். வந்த மறுநாளே, கர்சீப்பில் பூப்போடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த யூனிஸின் வெள்ளிக்கிழமைப் பீரியடுக்கு 'டிசைன் அண்ட் டெக்னாலஜி' என்று பெயர் மாறிவிட்டது. ஊசி பிடித்த கையில் சுத்தியலைக் கொடுத்துவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். யூனிஸ் ஒரு புத்தகத்தை வாங்கி, பிள்ளைகளைவிட ஒரே ஒரு பக்கம் முன்னால் ஓடினாள். 'முதலில் அள, பிறகு அறு' என்று கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதிப்போட்டாள். பிள்ளைகளும் அளந்தார்கள், அறுத்தார்கள், ஆணி அடித்தார்கள். கடைசியில் ஒரு ஸ்டூல் வந்து நின்றது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் 1998ஆம் வருட ஆண்டு விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் பேசப்போகிறார் என்று நோயல் சார் நோட்டீஸே அடித்துவிட்டார். விருந்தினர் ஓய்வுபெற்ற இன்ஜினியர். எடை நூற்றுப்பத்துக் கிலோ. மூன்று வருடமாக டெம்பரவரியாக இருக்கும் யூனிஸின் வேலை நிரந்தரமாகும் அறிவிப்பும் அதே மேடையில்தான். அதாவது, ஸ்டூல் நின்றால்.

முன் பெஞ்சில் சிந்து கை தூக்கினாள்.

"என்ன, பாத்ரூமா? போ," என்றாள் யூனிஸ்.

சிந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். டீச்சரின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டாள்.

யூனிஸ் பழைய ஹவாய் செருப்பு ஒன்றை வெட்டி, ஒரு காலுக்கு அடியில் சொருகினாள். ஸ்டூல் அந்தப் பக்கம் ஆடுவதை விட்டுவிட்டு இந்தப் பக்கம் ஆடியது. சரி, உள்ளதைச் சொல்லிவிடுவோம் என்று நோயல் சாரிடம் போய், விருந்தினர் ஸ்டூலைச் சும்மா பார்த்தாலே போதாதா என்று மென்று விழுங்கினாள்.

"நல்லவேளை ஞாபகப்படுத்துனீங்க டீச்சர்," என்றார் அவர். "உக்காந்ததும் அவரை ரெண்டு குதி குதிச்சுக் காட்டச் சொல்லிடலாம். போட்டோ பிரமாதமா வரும்."

யூனிஸ் அன்று சாயங்காலமே ஜீவனஹள்ளிக்கு ஆட்டோ பிடித்தாள். அங்கே கோவிந்தப்பா ஆசாரியிடம், யாருக்கும் தெரியாமல் ஒரு ஸ்டூல் வேண்டும், யானை உட்கார்ந்தாலும் அசையக் கூடாது, ஆனால் பார்த்தால் ஒன்பது வயதுப் பிள்ளைகள் செய்ததுபோலக் கோணல்மாணலாக இருக்க வேண்டும் என்றாள். ஆசாரி காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கீழே வைத்துவிட்டார்.

"முப்பது வருஷமா கோணலை நிமித்தத்தான் கூலி வாங்கறேன் டீச்சரம்மா. கோணலாச் செய்யணும்னு யாரும் வந்ததில்ல."

கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தாள். இரண்டு நாளில் ஸ்டூல் வந்தது. கல்யாண வீட்டுக்குக் கொடுக்கலாம்போலப் பளபளவென்றிருந்தது. அது ஒரு தலைவலி. கைவேலை அறையில் வைத்துத் தொட்டுப் பார்த்தாள். டக் டக். அதுவும் ஆடியது.

அழகு வேண்டாம் என்றால் அழகாகச் செய்கிறார், ஆடக் கூடாது என்றால் ஆடுகிற மாதிரி செய்கிறார், இவரெல்லாம் ஒரு ஆசாரியா என்று யூனிஸ் பொருமினாள். நேரே போய் அதைச் சொல்லியும் விட்டாள். ஆசாரி அடுத்த ஸ்டூலைப் பிடிவாதத்தோடு இடது கையாலேயே ஆணி அடித்துச் செய்து அனுப்பினார். பார்க்கச் சகிக்கவில்லை. யூனிஸ் மகிழ்ந்துபோய் அதே அறையில் வைத்துத் தொட்டாள். டக் டக்.

விழா நெருங்கியதால் தினமும் நடந்த கைவேலை வகுப்பில் சிந்து மறுபடி கை தூக்கினாள். பாத்ரூமுக்குப் போனாள். மறுநாளும் தூக்கினாள், மறுநாளும் போனாள். இந்தப் பெண்ணை டாக்டரிடம் காட்டச் சொல்லி வீட்டுக்குச் சீட்டு எழுத வேண்டும் என்று யூனிஸ் நினைத்துக்கொண்டாள்.

விழா நாளன்று மத்தியானம் கோவிந்தப்பாவே, கையில் பெட்டியும் முகத்தில் கோபமுமாகப் பள்ளிக்கு வந்துவிட்டார். தன் ஸ்டூல் ஆடுகிறது என்ற பேச்சைக் கேட்ட பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லையாம். யூனிஸ் அப்போது நடனமாடப்போகும் பன்னிரண்டு வண்ணத்துப்பூச்சிகளுக்குச் சிறகு கட்டிக்கொண்டிருந்தாள். எப்படியாவது ஆட்டத்தை நிறுத்தி, அந்தக் கோணல் ஸ்டூலை மேடையில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள் என்று சொல்லிக் கைவேலை அறைச் சாவியைக் கொடுத்தாள். ஆசாரி வாங்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் இன்ஜினியர் மேடையேறினார். ஸ்டூலைப் பார்த்தார், உட்கார்ந்தார். திரைக்குப் பின்னால் யூனிஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவர் ஒரு தரம் குதித்தார், இரண்டு தரம் குதித்தார், மனிதர் குஷியாகி மூன்றாவது தரமும் குதித்தார். ஸ்டூல் மலைபோல நின்றது. பிறகு அதைக் கவிழ்த்து, அடியில் ஸ்கெட்ச் பேனாவில் இருந்த பிள்ளைகளின் பெயர்களையும் பூக்களையும் கூட்டத்துக்குக் காட்டினார். அடடா, ஆசாரி அதைக்கூட விடாமல் காப்பியடித்திருக்கிறாரே என்று யூனிஸ் நெகிழ்ந்துபோனாள்.

இதைப் போல இணைப்புச் சரியாக வைத்த மரச்சாமான் பெரிய பெரிய கடைகளில்கூடக் கிடைக்காது என்றார் இன்ஜினியர். யூனிஸ் இனிமேல் நிரந்தர ஆசிரியை என்றார் நோயல் சார். கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று.

யூனிஸ் கோவிந்தப்பாவைத் தேடினாள், காணோம். திரும்பினால், வண்ணத்துப்பூச்சி வேஷத்தில் சிந்து நின்றுகொண்டிருந்தாள். கை மேலே இருந்தது.

"பாத்ரூமா கண்ணு? போய்ட்டு வா," என்றாள் யூனிஸ், இருந்த சந்தோஷத்தில்.

"இல்ல மிஸ். மேடையில இருக்கறது நாங்க செஞ்ச ஸ்டூல்தான், ஆசாரி அங்கிள் இதுவே நல்லா இருக்குன்னு இத வெச்சுட்டு அவரோடத ரெண்டையும் தூக்கிட்டுப் போயிட்டாரு. எந்த ஸ்டூலும் ஆடல மிஸ், நம்ம ரூம் தரைதான் மேடும் பள்ளமுமா இருக்கு, நாங்க அளந்து பாத்துட்டோம். அதச் சொல்லத்தான் ஒரு வாரமா கை தூக்கறேன், நீங்க என்னடான்னா பாத்ரூமுக்கே அனுப்பறீங்க!"