சாருக்கு மட்டும் மூன்று சதவீதம்

பினாங்குத் தீவில் ஆங்கிலத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஆனால் அந்தத் தப்பை அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டி, அதற்கு மூன்று சதவீதம் வசூலும் செய்தவர் எங்கள் சார்சார்ஜ் அண்ணன் ஒருவர்தான்.

குவீன் ஸ்திரீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி, ஒரு பழைய கடைவீட்டில் அவருடைய பப் இருக்கிறது. பப் என்று அவர்தான் சொல்லிக்கொள்கிறார். ஆறு மேசை, ஒரு ஃபிரிட்ஜ், முனகிக்கொண்டே சுற்றும் ஒரு மின்விசிறி, அவித்த முட்டை நிரம்பிய ஒரு கண்ணாடி ஜாடி, அவ்வளவுதான். வாசலில் கடைக்கு ஏதோ பெயர் எழுதியிருக்கிறது. அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சார்சார்ஜில் இருக்கிறேன் என்றால் எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் புரிந்துவிடும்.

பெயர் வந்த கதை இது. கார்டு மெஷின் கொண்டுவந்த ஆள், கார்டில் வாங்கும் பணத்தில் பேங்க் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும் என்று விளக்கியிருக்கிறார். அண்ணனுக்கு வயிறு எரிந்துவிட்டது. தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் போய்ப் புலம்ப, அவர் கார்டில் கட்டுகிறவர்களுக்குக் கூடுதல் கட்டணமாகச் சர்சார்ஜ் போட்டுவிடு என்று யோசனை சொன்னார். அண்ணன் காதில் அது "சார் சார்ஜ்" என்று விழுந்தது. சார்களிடம் வாங்குவது சார் சார்ஜ் என்றால், மேடங்களிடம் வாங்கக்கூடாது என்றுதானே பொருள்? மறுநாளே அட்டை தொங்கியது: "கார்டு மினிமம் 30 வெள்ளி. சார் சார்ஜ் 3%. லேடிஸ் இல்லை."

கடைசி இரண்டு சொல்லால் வந்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல. நிபோங் திபாலிலிருந்து துணி எடுக்க வந்த ஒரு தம்பதி வாசலில் நின்று அதைப் படித்தார்கள். லேடிஸ் இல்லையாம் என்று மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு புடவைக் கடைக்குப் போய்விட்டார். கணவர் வாயெல்லாம் பல்லாக உள்ளே வந்து உட்கார்ந்தார். அன்று அவர் மினிமத்தை மூன்று முறை தாண்டினார்.

மினிமம் விஷயத்தில் அண்ணன் கல்நெஞ்சர். ஒரு கிளாஸ் பியர் பதினைந்து வெள்ளி. ஒன்றோடு எழுந்துபோக நினைப்பவன் நோட்டு வைத்திருக்க வேண்டும். கார்டு மட்டும் வைத்திருப்பவன் இரண்டாவது கிளாஸையும் குடித்துத்தான் தீரவேண்டும். ஒரு கிளாஸும் ஒரு தட்டு கோழி வறுவலும் சேர்ந்து இருபத்தெட்டு வெள்ளி வந்தால் மெஷினைத் தொடவே மாட்டார். ஜாடியைத் திறந்து, "ஒரு முட்ட சாப்டு, சரியாப் போயிரும்" என்பார். முட்டை இரண்டு வெள்ளி. எனக்குக் கொலஸ்ட்ரால் ஏன் ஏறியது என்று டாக்டர் கேட்டபோது, மினிமத்தால்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

ஊரே கைப்பேசியில் ஸ்கேன் செய்து பணம் கட்டுகிறதே என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். வருகிறவன் சுவரைப் போட்டோ எடுத்துவிட்டு நடையைக் கட்டுவான், பணம் வந்ததா என்று நான் யாரைப் போய்க் கேட்பது என்று அதையும் தள்ளிவிட்டார்.

ஆனால் சார் சார்ஜில் அவர் நியாயஸ்தர். வெள்ளைக்காரத் தம்பதி வந்தால், கணவர் நீட்டும் கார்டை வாங்கி மனைவி கையில் வைப்பார். பிறகு மனைவி கையிலிருந்து பணிவாக வாங்கி மெஷினில் செருகுவார். அவர்களுக்கு மூன்று சதவீதம் மிச்சம். அவர்களோ இது ஏதோ தமிழர் பண்பாடு என்று நினைத்துக் கைகூப்பிவிட்டுப் போவார்கள்.

எங்கள் அலுவலக மணியத்துக்கும் இந்தச் சலுகைமேல் ஒரு கண். ஓவர்டைம் என்று வீட்டில் பல வருடமாகச் சொல்லிவந்த மனிதர், சார்ஜை மிச்சம் பிடிக்க ஒருநாள் மனைவியையே அழைத்து வந்துவிட்டார். அந்த அம்மாள் பில்லை நிதானமாகப் படித்தார். பிறகு மணியத்தை நிதானமாகப் பார்த்தார். பணத்தைக் கட்டியதும் கார்டைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். மணியம் அதற்குப் பிறகு அந்தச் சந்துப் பக்கமே வருவதில்லை.

எனக்கும் அண்ணனுக்கும் முட்டிக்கொண்டது ஒரு சனிக்கிழமை. பக்கத்து மேசையில் தொழிற்சாலையில் வேலை செய்யும் மூன்று பெண்கள். அவர்களுடைய பில் முப்பது, கட்டியதும் முப்பது. என் பில்லும் முப்பதுதான். கட்டச் சொன்னது முப்பது வெள்ளி தொண்ணூறு காசு.

"அண்ணே, அது சார் சார்ஜ் இல்ல, சர்சார்ஜ். ஆம்பள பொம்பள எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றேன்.

"அப்ப அந்தப் பிள்ளைங்ககிட்டயும் வாங்கச் சொல்றியா?"

மூன்று பெண்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தொண்ணூறு காசையும் சேர்த்துக் கட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தும் கொதிப்பு அடங்கவில்லை. உட்கார்ந்து பேங்குக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதினேன். நான்கு பத்தி. பயனீட்டாளர் உரிமை, ஆண் பெண் சமத்துவம் எல்லாம் அதில் இருந்தன. பில்லின் நகலையும் இணைத்து, கீழே பெரிதாகக் கையெழுத்துப் போட்டேன். அவ்வளவு நல்ல ஆங்கிலத்தை நான் வேலைக்கு விண்ணப்பித்தபோதுகூடச் செலவழித்ததில்லை.

இரண்டு வாரம் கழித்து, நான் கடையில் இருந்தபோது, ஒரு பெண் வந்து எலுமிச்சை ஜூஸ் குடித்துவிட்டு, ஆறு வெள்ளிக்குக் கார்டை நீட்டினார். அண்ணன் வழக்கம்போல மினிமத்தைச் சொல்லி ஜாடியின் மூடியில் கை வைத்தார். அந்தப் பெண் தன் பைக்குள்ளிருந்து என் கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். பேங்க் அதிகாரி.

மினிமமும் கூடாது, சர்சார்ஜும் கூடாது, மெஷின் வாங்கும்போது போட்ட ஒப்பந்தத்திலேயே இருக்கிறது என்று நல்ல தமிழில் பொறுமையாக விளக்கினார். ஒரு வாரத்தில் அட்டையை எடுக்க வேண்டும், இல்லையென்றால் மெஷினை எடுத்துவிடுவார்கள். சர்சார்ஜ் என்ற சொல்லின் உண்மையான பொருளையும் சொன்னார்.

"மெஷின் போயிருச்சுன்னா வாடகைகூடத் தேறாது மேடம்" என்று மட்டும் அண்ணன் சொன்னார்.

அது உண்மை. வருகிறவர்களில் பாதிப்பேர் என்னைப் போல வெறும் கார்டோடு வருகிறவர்கள். அவரே நாற்காலியில் ஏறி அட்டையைக் கழற்றினார். நாற்காலி கொஞ்சம் ஆடியது. எழுந்துபோய் நாற்காலியைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எழுந்திருக்க முடியவில்லை, கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் பியர் பதினாறு வெள்ளி ஆனது. சாருக்கும் மேடத்துக்கும், கார்டுக்கும் நோட்டுக்கும் ஒரே விலை. சமத்துவம் வந்துவிட்டது. தொண்ணூறு காசு கொடுக்க மனமில்லாத நான், இரண்டு கிளாஸுக்கு இரண்டு வெள்ளி கூடக் கொடுக்க வேண்டும். அந்த மூன்று பெண்களும் கொடுக்க வேண்டும். எந்த வேலையற்றவன் எழுதிப்போட்டான் என்று வாடிக்கையாளர்கள் மேசைக்கு மேசை திட்டினார்கள். சந்தேகம் வரக்கூடாது என்று நானும் சேர்ந்து திட்டினேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் நன்றாகவே திட்டினேன்.

அன்று இரண்டு கிளாஸ் முடித்துக் கார்டை நீட்டினேன். மெஷினில் முப்பது என்று அடித்திருந்தார்.

"அண்ணே, முப்பத்திரண்டு வரணும்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒனக்குப் பழைய வெலதான். அந்தம்மா லெட்டர வச்சப்பவே ஒன் கையெழுத்தப் பாத்துட்டேன். தொண்ணூறு காசுக்கு லெட்டர் போடற அளவுக்குக் கஷ்டத்துல இருக்கேன்னு எனக்குத் தெரியாமப் போச்சு தம்பி. என்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா."

அவர் குத்திக்காட்டவில்லை. எத்தனை முறை யோசித்துப் பார்த்தாலும் அந்த முகத்தில் கவலை மட்டும்தான் இருந்தது. எனக்கு அப்படிக் கஷ்டம் ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டுவிட்டேன். சொல்லியிருந்தால் அவருக்கு என்மேல் என்ன மரியாதை மிஞ்சியிருக்கும்?

இன்றுவரை அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. நான் போகும்போதெல்லாம் பக்கத்தில் வந்து, வேலையெல்லாம் ஒழுங்காகப் போகிறதா, வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிறார்களா என்று மெதுவாகக் கேட்கிறார். பரவாயில்லை அண்ணே என்கிறேன். கூடப்பிறந்த அண்ணன்கூட என்னை இப்படி ஒருநாளும் கேட்டதில்லை.