இருபத்திரண்டு வீதக் காற்று

ஹவுகன்ஸ்டுவா, ஒஸ்லோ
09.02.2003

பெருமதிப்பிற்குரிய சம்பந்தியார் பரமநாதன் அவர்களுக்கு,

கனகரத்தினம் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் பூரணியும் ஆளுக்கு இரண்டு சோடி காலுறையோடு நலம். பேர்கனில் தாங்களும் சம்பந்தியம்மாவும், மாப்பிள்ளை சிவகரனும், எங்கள் மகள் கஜேந்தினியும், பிறந்து இருபத்தாறு நாளான பேரனும் மழையில் நனையாமல் நலமாயிருக்க வேண்டுகிறோம்.

முப்பத்தொராம் நாள் துடக்குக் கழிந்ததும் தாயையும் பிள்ளையையும் இங்கே கூட்டிவந்து இரண்டு மாதம் வைத்துப் பார்க்க வேண்டும் என்று பூரணி கேட்டதற்கு, "வீடு சூடாகட்டும், அனுப்பிவிடுகிறோம்" என்று தாங்கள் தொலைபேசியில் சொன்னது நியாயமான வார்த்தை. அன்று எங்கள் வரவேற்பறை பதினைந்து பாகை. இந்தக் குளிர்காலம் மின்சாரக் கட்டணம் ஏறிய ஏற்றத்தில் இருக்கிற இரண்டு ஹீற்றரில் ஒன்றைத்தான் போடுகிறோம். யன்னல் இடுக்கால் வரும் காற்றில் சுவாமிப் படத்து மாலை தானாக ஆடும். அந்த வீட்டைச் சூடாக்க நான் எடுத்த முயற்சியும் அது போய் முடிந்த விதமும் தங்களுக்குப் பிறர் வாயால் தெரியவரக் கூடாது என்பதால், நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன்.

எங்கள் பகுதி நிர்வாக அலுவலகம், நோயாளிகளோ கைக்குழந்தைகளோ இருக்கிற வருமானம் குறைந்த வீடுகளுக்கு யன்னல் இடுக்கு அடைக்கவும் நல்ல ஹீற்றர் பூட்டவும் உதவி கொடுக்கிறது. எனக்குத் தொய்வு இருப்பது தாங்கள் அறிந்ததே. கலியாண வீட்டில் மூச்சிழுத்து நான் தங்கள் தோளில் சாய்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே விண்ணப்பம் எடுத்தேன். ஒன்பது கேள்வி. மேல்மாடி றெஜினோல்ட் வடக்கே மீன் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் வேலை செய்தவர், நோர்வே மொழியில் எங்கள் கட்டிடத்துக்கே அவர்தான் பொறுப்பு. ஐந்து கேள்வி ஒழுங்காகப் போயிற்று. ஆறாவது, வீட்டில் "த்ரெக்" உண்டா, உண்டானால் எவ்வளவு என்று கேட்டிருந்தது. அந்தச் சொல்லை நான் சம்பளச் சீட்டில் மட்டுமே கண்டிருக்கிறேன், அங்கே அது வரிக்கழிவு. றெஜினோல்டும் அப்படித்தான் கண்டிருக்கிறார். "வருமானம் பாக்கிறாங்கள் அண்ணை, உள்ளதை உள்ளபடி போடுங்கோ" என்றார். உள்ளதைப் போட்டேன்: "உண்டு. மாதந்தோறும் இருபத்திரண்டு வீதம். டிசம்பரில் மட்டும் நத்தாருக்காகப் பாதி." யன்னல் இடுக்கால் வரும் காற்றுக்கும் இவர்கள் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று பதினாறு வருடமாக எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

நான்காம் நாள் அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா தொலைபேசி எடுத்தா. பெயர் சூல்வாய் என்பது போல ஒலிக்கும். பூரணி அவவைச் "சொல்வாய்" என்றே கூப்பிடுகிறாள், அவவும் ஓம் என்கிறா. மாதந்தோறும் இருபத்திரண்டு வீதம் காற்று வந்து நத்தாருக்குப் பாதியாகக் குறைகிற வீட்டைத் தன் சேவைக்காலத்தில் தான் கண்டதில்லை என்றும், செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வெப்பமானியோடு தானே வந்து பார்ப்பதாகவும் சொன்னா. ஆக, அந்தப் பிழை எங்களுக்கு வாய்ப்பாகத்தான் வந்தது. வீட்டை இருக்கிறபடி விடு, ஒன்றையும் தொடாதே என்று பூரணியிடம் மூன்று தரம் சொல்லிவிட்டு, செவ்வாய் காலை மருந்து எடுக்கப் போனேன்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கத் திரும்பிக் கதவைத் திறந்தால் என் மூக்குக்கண்ணாடி புகைத்துப்போயிற்று. துடைத்துப் போட்டுப் பார்க்கிறேன், எங்கள் இரண்டு ஹீற்றரும் போட்டிருக்கிறது, றெஜினோல்ட் வீட்டு ஹீற்றர் இரண்டும் சோபாவுக்குப் பின்னால் நிற்கிறது, அடுப்பு நாலும் எரிகிறது, ஒன்றில் வடை பொரிகிறது, யன்னல் இடுக்கெல்லாம் பழைய சேலையைக் கிழித்துச் செருகி, செருகினது தெரியாமல் திரைச்சீலையை இழுத்துவிட்டு, மனுசி நல்ல சேலை உடுத்துக்கொண்டு நிக்கிறா.

"முதன்முதல் வீட்டுக்கு வாற மனுசியை நடுங்க விடச் சொல்லுறியளே?" என்றாள்.

"அவ குளிரைப் பாக்கத்தானே வாறா."

"குளிரைக் காட்டுங்கோ. குளிர வைக்காதேங்கோ."

ஒரு ஹீற்றரையாவது நிறுத்துவம் என்று குனிகிறேன், மணி அடித்துவிட்டது.

வந்த அம்மா வாசலில் கோட்டைக் கழற்றினா. வரவேற்பறையில் கம்பளிச் சட்டையைக் கழற்றினா. மூன்றாவது வடையில் என் விண்ணப்பத்தாலேயே விசிறிக்கொண்டா. வெப்பமானி இருபத்தேழு காட்டியது. பிறகு ஒரு மெல்லிய கடதாசியை யன்னலோரம் பிடித்துப் பார்த்தா, அது அசையவில்லை. எந்த நாளும் ஆடுகிற சுவாமிப் படத்து மாலையும் அன்று பார்த்து அசையவில்லை. அடுத்து நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. திரைச்சீலையைச் சரிசெய்கிற சாட்டில் பின்னால் நின்று ஊதினேன். கடதாசி அசைந்தது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தா. இரண்டாம் முறை ஊத எடுத்த மூச்சு இருமலாகப் போய்விட்டது. எனக்குத் தண்ணீர் எடுத்துத் தந்து, இனி ஊத வேண்டாம், நெஞ்சுக்குக் கூடாது என்று மெதுவாகச் சொன்னா.

போகும்போது பூரணியின் இரண்டு கையையும் பிடித்து, இவ்வளவு சூடான ஒரு வீட்டுக்குள் தான் வந்து கனகாலம் என்றா. கதவைச் சாத்திவிட்டு வந்த பூரணியின் முகத்தைப் பார்க்க வேண்டும். "கேட்டனீங்களே, சூடான வீடாம். சம்பந்தி ஆக்களுக்கு உடன எழுதுங்கோ."

அம்மா சொன்னதைத்தான் அறிக்கையிலும் எழுதியிருக்கிறா. வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது: வெப்பம் இருபத்தேழு பாகை, காற்று இல்லை, உதவிக்குத் தேவை காணப்படவில்லை. விரும்பினால் மீளாய்வு கேட்கலாம். கேட்டு ஒரு பக்கம் எழுதிப் போட்டிருக்கிறேன், அந்தச் சூட்டில் பாதி றெஜினோல்ட் வீட்டுச் சூடு என்று. அவர் அன்று மாலையே ஹீற்றர்களைக் கொண்டுபோய்விட்டார். எட்டு மணிக்கு வீடு மறுபடி பதினைந்து.

ஆகவே தங்கள் சொல்லை ஏற்கிறோம். தாயும் பிள்ளையும் தங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். பூரணியும் சம்மதம், அதாவது வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் என்னோடு கதைப்பதில்லை. மல்லியும் மிளகும் வறுத்து இரண்டு கிலோ சரக்குத்தூள் இடித்துப் பார்சல் கட்டிவிட்டாள். மகளுக்குப் பத்தியக் கறிக்கு அது. இன்று காலைதான் ஒரேயொரு வசனம் சொன்னாள்: "பிள்ளையையெண்டாலும் காத்துப் படாமல் வைச்சிருக்கச் சொல்லி எழுதுங்கோ." எழுதுகிறேன். பேரனை யன்னல் பக்கம் கிடத்த வேண்டாம். கதவு திறக்கும்போது முகத்தை மூடவும். வீட்டுக்குள்ளும் தொப்பி கழற்ற வேண்டாம். தாங்கள் விறகடுப்பு எரிப்பதாகக் கேள்வி, நன்றாக எரியுங்கள்.

சம்பந்தியம்மாவுக்குப் பூரணியின் அன்பு. பேரனின் மூக்கு நுனியும் உள்ளங்காலும் என்றும் சூடாயிருக்க எங்கள் இருவரின் ஆசி.

தங்கள் அன்புக்குரிய,
மூ. கனகரத்தினம்

பி.கு. (18.02.2003): தூள் ஆறட்டும், இரண்டையும் சேர்த்து அனுப்புவம் என்று பூரணி நாளுக்கு நாள் இழுத்ததில் இக்கடிதம் மேசையிலேயே கிடந்துவிட்டது. சனிக்கிழமை இரவு ரயிலில் மகளும் மாப்பிள்ளையும் பேரனும் வந்து இறங்கினார்கள். தங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால், இன்று தானே எடுத்துச் சொல்வதாக மாப்பிள்ளை சொல்கிறார். கஜேந்தினி வந்ததும் வராததுமாக ஹீற்றரை நிறுத்தி, சேலைத்துண்டுகளை உருவி எறிந்துவிட்டாள். "மாமா வீட்டில இருபத்தெட்டு பாகை அப்பா, பிள்ளைக்கு வேர்க்குரு. தாதி என்னைத்தான் ஏசினவ" என்கிறாள். தாங்கள் தவறாக எடுக்கக் கூடாது.

நேற்று மீளாய்வுக்கு அந்த அம்மா சொல்லாமல் வந்தா. கழற்றிய கோட்டைத் திரும்ப வாங்கிப் போட்டுக்கொண்டா. பதினான்கு பாகை. கடதாசி அவ கையை விட்டுப் பறந்து குசினிக்குப் போயிற்று. யன்னலுக்கும் ஹீற்றருக்கும் உதவி தரச் சொல்லி அங்கேயே எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு, காயப் போட்டிருந்த சின்னச் சட்டைகளைக் கண்டு, கைக்குழந்தை எங்கே என்று கேட்டா. மகள் பல்கனியைக் காட்டினாள். பூச்சியத்துக்குக் கீழே ஆறு பாகையில், பிள்ளை வண்டிலுக்குள், மூக்கு மட்டும் தெரியப் பேரன் நித்திரை. நாங்கள் இருவரும் அப்போதுதான் கண்டோம். "வெளியிலதான் பிள்ளையள் நல்லாப் படுக்கும்" என்றாள் மகள். அம்மாவும் எட்டிப் பார்த்து, நல்ல இடம் என்றா.

ஆகவே மேலே காற்றைப் பற்றி எழுதியவற்றைத் தாங்கள் வாசிக்க வேண்டாம். தூள் பார்சலையும் பிரித்துவிட்டோம், இங்கேயே தேவைப்படுகிறது. தாங்களும் சம்பந்தியம்மாவும் வந்து ஒரு கிழமை நிற்க வேண்டும், கம்பளிச் சட்டையோடு. இதை எழுதும்போதும் பேரன் வெளியேதான், இரண்டு மணித்தியாலமாக நித்திரை. பூரணி உள்ளே கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, பல்கனிக் கண்ணாடியில் மூக்கை வைத்தபடி நிற்கிறாள். அவள் மூச்சில் கண்ணாடி புகைத்துப்போகும்போதெல்லாம் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு மறுபடி பார்க்கிறாள்.