ஆட்சேபணைக்கு இன்றே கடைசி நாள்

மாலை ஐந்து மணி அடிக்கும்வரை மனைவியை வாசல் தாண்ட விடுவதில்லை என்று நோட்டீஸ்காரர் காலையிலேயே சபதம் எடுத்துவிட்டார். இதற்காக அரை நாள் விடுப்பு வேறு.

நகராட்சியில் அறிவிப்பு ஒட்டுவது அவர் வேலை. ஒட்டுவதென்றால் சும்மா இல்லை. சட்டப்படி ஒட்டியதாகவும் இருக்க வேண்டும், ஒரு ஜீவன் கண்ணிலும் படக் கூடாது. பொது இடத்தில் முப்பது நாள் இருக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறதே தவிர, யாராவது படிக்க வேண்டும் என்று எங்கே சொல்கிறது என்பார். பிற்பாடு யாராவது சண்டைக்கு வந்தால், "பார்க்கணும்னு நினைச்சிருந்தா பார்த்திருக்கலாமே" என்பார். இருபது வருஷமாக இந்த ஒரு வரியில் அவர் வண்டி ஓடியது.

இந்த முறை விவகாரம் வீட்டுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. பின்தெரு மைதானத்தைக் குப்பை லாரிகள் நிறுத்தும் இடமாக்க நகராட்சித் தலைவர் முடிவு செய்துவிட்டார். ஓர் ஆட்சேபணை வந்தாலும் பொதுக் கூட்டம் போட்டாக வேண்டும். ஒன்றும் வராவிட்டால் தலைமை எழுத்தர் பதவி உமக்குத்தான் என்று வாக்கும் கொடுத்திருந்தார். அந்த மைதானத்தில்தான் நோட்டீஸ்காரரின் மனைவியும் தெருப் பெண்கள் நாற்பது பேரும் தினமும் மாலையில் ஐந்து சுற்று நடப்பார்கள், ஐம்பது சுற்றுக்கு உண்டானதைப் பேசுவார்கள்.

ஆகவே நோட்டீஸைத் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே பம்ப் அறையில், கதவின் உள்பக்கம் ஒட்டினார். வழக்கமாகப் பசை காய்ச்சிக் கொடுப்பது மனைவி. அன்று மட்டும் அவள் எழுமுன் தானே மைதாவைக் கிண்டி, விரலைச் சுட்டுக்கொண்டு, பாத்திரத்தையும் கழுவி வைத்துவிட்டார்.

இன்று முப்பதாவது நாள். முன்னறையில் அவருடைய சாய்வு நாற்காலி இருந்தது. ஆபீஸ் விட்டு வந்தால் சாப்பாட்டு நேரம்வரை அதுதான் அவர் ராஜ்யம். அங்கே பேப்பர் புரளும் சத்தம் தவிர வேறு சத்தம் கூடாது. இன்று அதில் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. எழுந்தார், வாசலுக்குப் போனார், திரும்பி வந்து கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. மனைவியிடம் டீ கேட்டார், இன்னொரு டீ கேட்டார். பிறகு சட்டைப் பொத்தான் ஒன்றைத் தானே பிய்த்துக்கொண்டு போய்த் தைக்கச் சொன்னார். ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் அவள் தைத்துக் கொடுக்கவே, சந்தேகப்பட்டு வாசலை இன்னொரு முறை எட்டிப் பார்த்தார்.

நாலேகாலுக்கு நான்கு பெண்கள் வந்தார்கள். அவரைப் பார்த்து மரியாதையாகச் சிரித்துவிட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார்கள்.

"என் நாற்காலி எங்கே போகுது? யார் முடிவு பண்ணினது?"

"முறைப்படி நோட்டீஸ் ஒட்டித்தாங்க முடிவாச்சு" என்றாள் மனைவி. "சமையலறைக் கதவுக்குப் பின்னாடி, விளக்குமாறு மாட்டுற இடத்துல."

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அந்தக் கதவின் பின்பக்கத்தை அவர் பார்த்ததில்லை. விளக்குமாற்றை விலக்கினார். மைதானம் லாரிகளுக்குப் போவதால், இவ்வீட்டின் முன்னறை தினமும் மாலை ஐந்து முதல் எட்டுவரை தெருப் பெண்கள் நடக்கவும் பேசவும் ஒதுக்கப்படுகிறது என்றும், ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்றும் எழுதியிருந்தது. தேதி, அவர் பம்ப் அறையில் ஒட்டிய அதே தேதி.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"மைதா டப்பா பாதியாக் கிடந்துச்சு. பாத்திரம் கழுவியிருந்துச்சு. நீங்க பாத்திரம் கழுவினா ஊர்ல ஏதோ அநியாயம்னுதானே அர்த்தம்? பம்ப் ஆபரேட்டர் சம்சாரமும் எங்களோடதான் நடக்கிறா."

அப்படியானால் அவளே ஆட்சேபணை எழுதியிருக்கலாமே என்று கேட்டார்.

"நூலகத்தை மூடினப்போ எழுதினோமே. நாள் கடந்து வந்ததுன்னு முத்திரை குத்தினது யாரு?" அவள் சிரிக்கவில்லை. "அந்த மைதானத்தை விட்டா எங்களுக்குக் கால் நீட்டி உட்கார ஒரு இடம் கிடையாதுங்க. நோட்டீஸ் ஒட்டினவரே எழுதிக் கொடுத்தா யாரும் தள்ள முடியாது. மைதானம் தப்பிச்சா என் நோட்டீஸ் வாபஸ். இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு."

நோட்டீஸ்காரருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. ஒரு பக்கம் தலைமை எழுத்தர் பதவி. மறுபக்கம் தினம் மூன்று மணி நேரம், நாற்பது தொண்டைகள். செருப்பை மாட்ட மறந்து ஆபீஸுக்கு ஓடினார்.

நாலு ஐம்பத்தெட்டுக்கு ஆட்சேபணையை எழுதிக் கையெழுத்திட்டு, தானே முத்திரை குத்தி, தானே பதிவேட்டில் ஏற்றினார். எட்டிப் பார்த்த தலைவர் கதவை அறைந்து சாத்தினார். பதவி போயிற்று. போகட்டும், நாற்காலி மிச்சம் என்று வீட்டுக்கு நடந்தார்.

வாசல் நிறையச் செருப்பு. முன்னறை நிறையப் பெண்கள்.

"ஆட்சேபணை கொடுத்தாச்சு. நோட்டீஸைக் கிழி. நாற்காலியைக் கொண்டு வா" என்றார்.

"கிழிச்சாச்சுங்க. ஆனா பொதுக் கூட்டம் வருதே, நாங்க பேசித் தயாராக வேண்டாமா? கூட்டம் முடியறவரைக்கும் தினமும் இந்த அறை எங்களுக்கு. அதுக்குத் தனியா இன்னொரு நோட்டீஸ் ஒட்டியிருந்தேன். அதுக்கும் இன்னைக்கு அஞ்சு மணியோட கெடு முடிஞ்சுது."

"அது எங்கே?"

"உங்க நாற்காலிக்கு அடியில. முப்பது நாளா அதுமேலதானே உட்கார்ந்திருந்தீங்க? பார்க்கணும்னு நினைச்சிருந்தா பார்த்திருக்கலாமே."