மாப்பிள்ளை இறங்கிய வாழைத்தோப்பு

ஒரு தொழிலும் தெரியாதவனை நம்பலாம். ஒரே ஒரு தொழில் தெரிந்தவனைத்தான் நம்பக் கூடாது. நான் இரண்டாம் வகை. கருங்கல் பக்கம் பிளெக்ஸ் கட்டுகிறேன்.

தங்கை ஷீபாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஜெபராஜுக்குத் துபாயில் வேலை. சர்ச்சுக்குக் காரில் வந்தால் குறைச்சலாம். இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானத்தை வாடகைக்குப் பிடித்தார். சர்ச்சுக்குப் பின்னால் மைதானம். அதில் இறங்குவதாக ஏற்பாடு.

விமானக்காரர் முந்தின நாள் வந்து நீளமான துணிப்பை ஒன்றைத் தந்தார்.

"காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு இதப் பாத்துத்தான் இறங்குவேன். உசரமாக் கட்டுங்க."

கட்டினேன். பை உப்பிப் படபடத்தது. எங்கள் ஊர்க் காற்றுக்கு பிளெக்ஸ் கிழியாமலிருக்க அங்கங்கே பிறை மாதிரி வெட்டிவிடுவோம். காற்று புகுந்து போய்விடும். கை சும்மா இருக்குமா? பையை இறக்கினேன். சுற்றிலும் வெட்டினேன். மறுபடி ஏற்றினேன். சாதுவாகத் தொங்கியது. (எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது.)

மறுநாள் மாப்பிள்ளையோடு விமானம் வந்தது. தொங்கும் பையைப் பார்த்து, காற்றே இல்லை என்று விமானக்காரர் இறக்கினார். காற்றோ பின்னாலிருந்து தள்ளியது. மைதானம் முடிந்தது. விமானம் ஓடி முடிக்கவில்லை. மட்டி வாழைத்தோப்புக்குள் போய் மூக்குக் குத்தி நின்றது.

ஓடினேன்.

"மாப்பிள, உயிரு இருக்கா?"

"இருக்கு மச்சான். கோட்டுதான் போச்சு." கோட்டெல்லாம் வாழைக்கறை.

விமானக்காரர் பையை இறக்கிப் பார்த்தார். "இத வெட்டினது யாரு?"

"நாந்தான். கிழிஞ்சிரப்பிடாதுன்னு..."

அவர் சாய்ந்த வாழைமேல் உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா என்மேல் பாய்ந்தாள்.

"கல்யாணக் கெட்டுக்கு முன்னயே எம்பிள்ளையக் கொல்லப் பாத்தியே! இந்தச் சம்பந்தமே வேண்டாம்!"

ஷீபா தகப்பன் இல்லாத பெண். நான்தான் பார்த்துப் பேசி முடித்த கல்யாணம். அதை நானே கத்தரித்துவிட்டேன்.

வெள்ளைப் பட்டோடு ஷீபா ஓடி வந்தாள்.

"அண்ணே, நீ வாயத் தொறக்காத." (திறந்தால்தானே!) பிறகு மாப்பிள்ளையிடம், "நடக்க முடியுமா?"

"முடியும்."

"அப்ப நடங்க. போதகரு நிக்காரு."

நடந்தார். கல்யாணம் முடிந்தது. கறை எல்லாப் போட்டோவிலும் இருக்கிறது.

இப்போதும் மாப்பிள்ளை லீவுக்கு வந்தால் அழைக்கத் திருவனந்தபுரம் போவோம். கிளம்பும்போது ஷீபாவுக்குத் துபாயிலிருந்து போன் வரும். நான் கேட்கட்டும் என்றே அவள் சத்தத்தைக் கூட்டி வைப்பாள்.

"மச்சானும் வாறாரா?"

"வாறாரு."

"விமானம் எறங்கின பொறவு வந்தாப் போதும்னு சொல்லு."

நான் வழியில் மார்த்தாண்டத்தில் இறங்கி டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில்தான் போகிறேன்.